பெயர் ஒன்று, கணக்கு வேறு: போட்டோஷாப் லேயர்கள் வீடியோவுக்குப் போகும்போது

மோஷன் போஸ்டர் செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. போட்டோஷாப்பில் எல்லோரும் பார்த்து ஓகே சொன்ன போஸ்டர், வீடியோ மென்பொருளில் திறந்ததும் வேறு மாதிரித் தெரிகிறது. நாயகன் முகத்தில் அழுத்தமாக விழுந்திருந்த நிழல் வெளிறிப் போயிருக்கிறது. பின்னணிப் புகையைச் சுற்றி ஒரு சாம்பல் கட்டம் தெரிகிறது. எழுத்தின் மேல் இருந்த பளபளப்பு காணவில்லை. லேயர்களின் வரிசை மாறவில்லை, மோடுகளின் பெயரும் மாறவில்லை. மல்டிப்ளை என்று இருந்த இடத்தில் மல்டிப்ளைதான் இருக்கிறது.

பெயர் மாறாததால்தான் குழப்பம். பிளெண்ட் மோடின் பெயர் கணக்கில் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மென்பொருள் வெளிச்சத்தை எந்த அளவில் எண்ணுகிறது, எண்ணை 1-க்கு மேலே போக விடுகிறதா, கீழே எந்த லேயர் வரைக்கும் பார்க்கிறது. இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்தால் எந்த மென்பொருளிலும் தடுமாற வேண்டியதில்லை. மோடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதால் அந்தத் தெளிவு வராது. போட்டோஷாப் லேயருக்கு மட்டும் 27 மோடுகள் இருக்கின்றன. அன்றாட வேலைக்கு ஏழெட்டுக்கு மேல் யாரும் தொடுவதில்லை.

மோட் என்பது என்ன கணக்கு

ஒவ்வொரு பிக்ஸலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கின்றன. 8 பிட் படத்தில் அவை 0 முதல் 255 வரை. கணக்குப் போடும்போது 255-ஐ 1 என்று வைத்துக்கொள்வார்கள். மேல் லேயரின் எண்ணையும் அதே இடத்தில் கீழே இருக்கும் எண்ணையும் எடுத்து, மோட் சொல்கிறபடி ஒரு விடை காண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மல்டிப்ளை பெருக்கும். இரண்டும் 1-க்குள் இருப்பதால் விடை இரண்டையும் தாண்டாது, படம் இருளும். ஸ்கிரீன் இரண்டு எண்களையும் 1-லிருந்து கழித்து, பெருக்கி, விடையை மறுபடி 1-லிருந்து கழிக்கும், படம் வெளுக்கும். ஆட் நேரடியாகக் கூட்டும். போட்டோஷாப்பில் இதற்கு லீனியர் டாட்ஜ் என்று பெயர். டிஃபரன்ஸ் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வித்தியாசத்தை மட்டும் காட்டும். ஓவர்லே கீழே இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கும்: கீழ் எண் பாதிக்குக் குறைவென்றால் பெருக்கி இரட்டிப்பாக்கும், பாதிக்கு மேல் என்றால் ஸ்கிரீன் போல வெளுக்க வைக்கும். இந்த "பாதி" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். ஓவர்லேயின் தொல்லைகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஸ்டில் படத் துறையும் வீடியோத் துறையும் இந்தக் கணக்கை வெவ்வேறு வழியில் வந்து பிடித்தன. சினிமா காட்சிகளை அடுக்கிச் சேர்ப்பதற்கான கணக்கை லூகாஸ் ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றைக் கூட்டு என்ற செயல்கள் அதில் ஆல்ஃபாவோடு, அதாவது பிக்ஸல் எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்ணோடு, சேர்த்து வரையறுக்கப்பட்டன. நியூக், ஃபியூஷன் போன்ற கம்பாசிட்டிங் மென்பொருள்கள் இந்த வழியில் வந்தவை. போட்டோஷாப்புக்கு 1994-இல் வெளிவந்த 3.0 பதிப்பில்தான் லேயர்கள் கிடைத்தன. அது திரையில் தெரியும் எண்களையே எடுத்து வேலை செய்தது. அச்சுக்கும் டிசைனுக்கும் அது போதும். 2001-இல் பி.டி.எஃப். 1.4 வந்தபோது அடோபி நிறுவனம் 16 மோடுகளை எழுத்தில் வரையறுத்து வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் புரோ, பின்னர் வந்த செல்போன் எடிட்டர்கள் எல்லாம் போட்டோஷாப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டன. பெயர் போட்டோஷாப்பிலிருந்து வந்தது. அடியில் ஓடும் கணக்கு பல இடங்களில் சினிமா வழியில் வந்தது.

இரண்டு சாம்பலை வைத்து ஒரு சோதனை

படக் கோப்பில் இருக்கும் 128 என்ற எண் 255-இல் பாதி. அது பாதி வெளிச்சம் என்று தோன்றும். உண்மையில் எஸ்.ஆர்.ஜி.பி. படத்தில் 128 என்பது முழு வெள்ளையின் ஒளியில் சுமார் 22 சதவீதம்தான். கண்ணுக்கு இருட்டில் உள்ள சிறு வேறுபாடுகள் நன்றாகத் தெரியும் என்பதால், கோப்பில் இருண்ட பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கி வளைத்து எழுதுகிறார்கள். இந்த வளைவுக்குத்தான் காமா என்று பெயர். வளைவை நீக்கி, ஒளியின் உண்மையான அளவிலேயே எண்ணுவதை லீனியர் என்கிறோம். ஒளியில் சரிபாதி வேண்டுமென்றால் கோப்பில் 188 என்று எழுத வேண்டும்.

பட்டணம் படியில் அளந்த அரிசியும் சின்னப்படியில் அளந்த அரிசியும் பேச்சில் "ஒரு படி"தான். சாக்கில் கொட்டினால் அளவு வேறு. காமாவில் போட்ட மல்டிப்ளையும் லீனியரில் போட்ட மல்டிப்ளையும் அப்படித்தான்.

ஒருமுறை உங்கள் கணினியிலேயே செய்து பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புதிய காம்பொசிஷன் ஒன்றைத் திறந்து, மூன்று நிறத்துக்கும் 128 கொடுத்து இரண்டு சாலிட்களை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். எஃப்4 விசையை அழுத்தினால் டைம்லைனில் மோட் பத்தி தெரியும். மேல் சாலிடின் மோடை மாற்றிக்கொண்டே இன்ஃபோ பேனலில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ப்ராஜெக்ட் செட்டிங்ஸின் கலர் பக்கத்தில் "பிளெண்ட் கலர்ஸ் யூசிங் 1.0 காமா" என்பதை டிக் செய்து, அதே வரிசையில் மறுபடி குறியுங்கள்.

மல்டிப்ளை: காமாவில் 64, லீனியரில் 61.
ஸ்கிரீன்: காமாவில் 192, லீனியரில் 167.
ஆட்: காமாவில் 255, அதாவது முழு வெள்ளை. லீனியரில் 176.
ஓவர்லே: காமாவில் 128 அல்லது 129. லீனியரில் 86.

இவை எஸ்.ஆர்.ஜி.பி. வளைவுக்கான கணக்கு. வளைவை 2.2 என்று சுருக்கி எடுக்கும் மென்பொருளில் இரண்டு மூன்று எண் முன்பின்னாக வரும், பொருட்படுத்த வேண்டாம்.

இந்த நான்கு வரிகளை நிதானமாகப் பாருங்கள். மல்டிப்ளை கிட்டத்தட்ட அசையவே இல்லை. பெருக்கலுக்கு அந்தக் குணம் உண்டு: வளைத்த எண்களைப் பெருக்கினாலும், பெருக்கிய விடையை வளைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நிழல் லேயரை மல்டிப்ளையில் முழு ஒப்பாசிட்டியில் வைத்திருந்தால் எங்கே கொண்டுபோனாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்கிரீனும் ஆட்டும் லீனியரில் மென்மையாகின்றன. இரண்டு விளக்கின் ஒளி ஒரே சுவரில் விழுந்தால் எவ்வளவு வெளிச்சம் கூடுமோ அவ்வளவுதான் கூடுகிறது. தீ, விளக்கு, பொறி, லென்ஸ் ஃபிளேர் போன்றவை லீனியரில் இயல்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். காமாவில் அதே தீ, நடுவில் சட்டென்று வெள்ளையாகிப் பிசிறடிக்கும்.

உண்மையான சேதம் ஓவர்லேயில். காமாவில் 128 சாம்பலை ஓவர்லேயில் வைத்தால் கீழே இருக்கும் படம் மாறாது. அந்த நம்பிக்கையில்தான் முகத்தை மெருகேற்றும் டாட்ஜ் அண்ட் பர்ன் லேயரை 50 சதவீத சாம்பலால் நிரப்பி ஓவர்லேயிலோ சாஃப்ட் லைட்டிலோ வைக்கிறோம். ஃபிலிம் கிரெயின், காகிதச் சுருக்கம், கீறல் பெரும்பாலும் சாம்பல் தளத்தின் மேல் விற்கப்படுகின்றன. லீனியரில் அந்த 128 பாதியாக இல்லை, 22 சதவீதம். ஓவர்லே அதை இருண்ட லேயர் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் கீழே இழுத்துவிடுகிறது. கிரெயின் போட்டதும் படம் கறுத்துப்போனால் கிரெயினைக் குறை சொல்லாதீர்கள். ப்ராஜெக்ட் லீனியரில் இருக்கிறது. அங்கே மாற்றம் செய்யாத சாம்பல் 188. கிரெயின் கிளிப்பின் மேல் லெவல்ஸ் போட்டு அதன் சராசரியை 188 பக்கம் தூக்கினால் படம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எந்த மென்பொருள் எந்தப் பக்கம்

போட்டோஷாப் 8 பிட்டிலும் 16 பிட்டிலும் காமாவில்தான் கலக்கிறது. கலர் செட்டிங்ஸில் ஆர்.ஜி.பி. நிறங்களை 1.00 காமாவில் கலக்கச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு; அதை யாரும் தொடுவதில்லை. பக்கத்திலேயே எழுத்துக்கு மட்டும் தனியாக 1.45 காமா என்ற தேர்வு இருக்கும். போட்டோஷாப் எழுத்தின் ஓரம் வீடியோவில் சற்றுத் தடித்தோ மெலிந்தோ தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 32 பிட்டுக்கு மாறினால் போட்டோஷாப்பே லீனியருக்குப் போய்விடும். அப்போது ஸ்கிரீன், ஓவர்லே போன்றவை மெனுவில் மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கும். அது கோளாறில்லை. அதன் காரணம் அடுத்த பகுதியில்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வாங்கிய நிலையில் 8 பிட், காமா. ஆகவே ஒன்றையும் மாற்றாமல் திறந்தால் போட்டோஷாப்போடு பெரும்பாலும் ஒத்துப்போகும். யாரோ ஒருவர் "லீனியரைஸ் வொர்க்கிங் ஸ்பேஸ்" டிக் செய்துவிட்டுப் போன ப்ராஜெக்டைத் தொடர்ந்து செய்யும்போதுதான் வம்பு.

பிரீமியர் புரோவில் நிலைமை எதிர்மாறு. சீக்வென்ஸ் செட்டிங்ஸில் "காம்பொசிட் இன் லீனியர் கலர்" என்பது வழக்கமாக டிக் ஆனபடியேதான் வரும். ஜி.பி.யு. வேகத்தில் ஓடும்போது அது செயல்படும். வெள்ளைப் பின்னணியில் 50 சதவீதக் கறுப்பு நிழலை வையுங்கள்: காமாவில் 128 வரும், லீனியரில் 188 வரும். போஸ்டரில் அழுத்தமாக இருந்த டிராப் ஷேடோ பிரீமியரில் வெளிறுவதன் மர்மம் இவ்வளவுதான். கறுப்பின் மேல் வெள்ளை கிளோ வைத்தால் எதிர்மாறு. அது பருத்துத் தெரியும். போட்டோஷாப் டைட்டில்கள் நிறைந்த வேலையென்றால் அந்த டிக்கை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே ப்ராஜெக்டை ஜி.பி.யு. உள்ள கணினியிலும் இல்லாத கணினியிலும் மாற்றி மாற்றி ரெண்டர் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

டாவின்சி ரிசால்வில் மூன்று இடங்களில் கலப்பு நடக்கிறது. எடிட் பக்கத்தில் கிளிப்பின் இன்ஸ்பெக்டரில் காம்பொசிட் மோட். கலர் பக்கத்தில் லேயர் மிக்ஸர் நோடில் காம்பொசிட் மோட். ஃபியூஷனில் மெர்ஜ் நோடின் அப்ளை மோட். லேயர் மிக்ஸரில் புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் தவறுவார்கள்: அங்கே கீழே இணைத்த நோடுதான் மேலே வந்து நிற்கும். போட்டோஷாப் அடுக்குக்குப் பழகிய கைக்கு இது தலைகீழ்.

ஜிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2018-இல் வந்த 2.10 பதிப்புக்கு முன் ஜிம்ப்பில் ஓவர்லே என்று எழுதியிருந்ததன் உள்ளே ஓடியது சாஃப்ட் லைட் கணக்கு. 2.10-இல் அதைத் திருத்தினார்கள், பழைய கோப்புகள் கெடாமல் இருக்கப் பழைய மோடுகளை லெகசி என்ற தொகுப்பில் வைத்தார்கள். கூடவே நார்மல், மல்டிப்ளை உள்ளிட்ட சில மோடுகளை லீனியருக்கு மாற்றினார்கள். பழைய ஜிம்ப் கோப்பை வேறு மென்பொருளில் கட்டும்போது பெயரை நம்பாமல் சாஃப்ட் லைட்டையும் போட்டுப் பாருங்கள். சாஃப்ட் லைட்டுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் புழக்கத்தில் உண்டு என்பதால் நூறு சதவீதப் பொருத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

செல்போனில் கைன்மாஸ்டர், கேப்கட் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த செட்டிங்ஸ் எதுவும் கண்ணில் படாது. அங்கேயும் சாம்பல் சோதனைதான் கைகொடுக்கும். 128 சாம்பல் படத்தை இரண்டு முறை சேர்த்து, ஸ்கிரீன் போட்டு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண்ணைப் படியுங்கள். 192 பக்கம் வந்தால் காமா, 167 பக்கம் வந்தால் லீனியர்.

1-க்கு மேலே போகும் எண்கள்

8 பிட், 16 பிட் படத்தில் வெள்ளைக்கு மேல் ஒன்றும் இல்லை. 32 பிட் ஃப்ளோட்டில் உண்டு. கேமராவின் ரா கோப்போ, திரி-டி ரெண்டரோ, எக்ஸ்போஷரைத் தூக்கிய தீயோ 2, 5, 10 என்று போகலாம். ஸ்கிரீன் கணக்கு 1-லிருந்து கழிப்பது. மேலே 2, கீழே 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து 2 போக மைனஸ் 1. இரண்டு மைனஸ் 1-ஐப் பெருக்கினால் 1. அதை 1-லிருந்து கழித்தால் பூஜ்யம். கண் கூசும் இரண்டு வெளிச்சங்கள் சேர்ந்து கறுப்புப் புள்ளியாகிவிட்டன. 2-உம் 3-உம் சேர்ந்தால் விடை மைனஸில் போகும். சூரியனின் நடுவில் கறுப்பு ஓட்டை விழுந்த ரெண்டரைப் பார்த்தால் முதலில் ஸ்கிரீன் லேயரைத் தேடுங்கள்.

இதனால்தான் போட்டோஷாப் 32 பிட்டில் ஸ்கிரீனை மூடி வைக்கிறது. நியூக் வேறு வழி கண்டது: எண்கள் 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் வழக்கமான ஸ்கிரீன், வெளியே போனால் இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் வேலை செய்தால் ஒளிக்கு ஆட் போடுங்கள், ஸ்கிரீனை மறந்துவிடுங்கள். ஓவர்லேயும் அங்கே நம்பத்தக்கதில்லை.

கறுப்பு உண்மையிலேயே கறுப்பா

தீ, புகை, மழை, தூசி ஃபுட்டேஜ்கள் கறுப்புப் பின்னணியில் வரும். ஸ்கிரீனிலோ ஆட்டிலோ போட்டால் கறுப்பு மறைந்துவிடும் என்பது கணக்கு. கறுப்பு சரியாக 0 ஆக இருந்தால் மட்டும். ஸ்டில் படத் துறைக்காரர்களுக்கு இது புதிது, ஏனென்றால் போட்டோஷாப்பில் கறுப்பு என்றால் 0-தான். 8 பிட் வீடியோவில் கறுப்பு 16-லும் வெள்ளை 235-லும் எழுதப்படுவது வழக்கம். மென்பொருள் அதைப் புரிந்துகொண்டு 0 முதல் 255 வரை விரித்துக்கொள்ள வேண்டும். கோப்பில் குறிப்பு தவறாக இருந்தால் விரிக்காமல் விட்டுவிடும், கறுப்பு 16-லேயே நிற்கும். படத்தின் மேல் மெல்லிய சாம்பல் திரை விழுந்ததுபோல் இருக்கும். ஃபுட்டேஜைச் சிறிதாக்கி ஒரு மூலையில் வைத்தால் அதன் விளிம்பு கட்டமாகத் தெரியும். அத்தியாயத்தின் முதல் பத்தியில் சொன்ன புகைக் கட்டம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று கம்ப்ரெஷன். எச்.264 கோப்பின் இருண்ட பகுதியில் சதுரம் சதுரமாக 2, 3, 5 என்று எண்கள் அலையும். தனியாகப் பார்த்தால் தெரியாது; ஆட் போட்டதும் இருண்ட காட்சியில் கொப்புளிக்கும். எந்தத் தீ கிளிப்பையும் டைம்லைனில் போடும் முன் தற்காலிகமாக எக்ஸ்போஷரை 4 ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். கறுப்பு அசையாமல் கறுப்பாகவே நின்றால் நல்ல கிளிப். கொதித்தால் லெவல்ஸில் இன்புட் பிளாக்கை 16 முதல் 20 வரை ஏற்றி, ஓரத்தில் ஃபெதர் செய்த மாஸ்க் ஒன்றும் போடுங்கள். இதைச் செய்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

நிறத்தைத் தொடும் மோடுகளிலும் வீடியோவுக்கே உரிய சிக்கல் உண்டு. ஹியூ, சாச்சுரேஷன் ஆகியவை கீழே இருக்கும் நிறத் தகவலை நம்பி வேலை செய்கின்றன. 4:2:0 வீடியோவில் நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறம்தான் சேமிக்கப்படுகிறது. 1920-க்கு 1080 படத்தின் நிறம் 960-க்கு 540 அளவில்தான் இருக்கிறது. ஸ்டில் போட்டோவில் ஹியூ மோட் போட்டுச் சேலையின் நிறத்தை மாற்றுவது சுலபம். அதே வேலையை வீடியோவில் செய்தால் சேலையின் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரியும். லூமினாசிட்டியில் இன்னொரு நுணுக்கம்: பி.டி.எஃப். சூத்திரத்தில் வெளிச்சக் கணக்குக்குச் சிவப்பு 0.30, பச்சை 0.59, நீலம் 0.11. எச்.டி. வீடியோ தரத்தில் அவை 0.2126, 0.7152, 0.0722. எந்த எடையை மென்பொருள் எடுக்கிறது என்பதைப் பொறுத்து, அடர்ந்த நீலமும் பச்சையும் மாறித் தெரியும்.

குரூப்பும் பிரிகாம்ப்பும்

என் பார்வையில் பி.எஸ்.டி. கோப்புகள் உடைவதற்குக் காமாவைவிட இதுதான் பெரிய காரணம். போட்டோஷாப்பில் குரூப் ஒன்றை உருவாக்கினால் அதன் மோட் "பாஸ் த்ரூ" என்று இருக்கும். உள்ளே இருக்கும் மல்டிப்ளை லேயர் குரூப்பைத் தாண்டி, அடியில் உள்ள பின்னணி வரைக்கும் பார்க்கும். அதே குரூப்பின் மோடை நார்மல் என்று மாற்றினால் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பவை தங்களுக்குள் மட்டும் கலக்கும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பி.எஸ்.டி.-யைக் காம்பொசிஷனாக இறக்கும்போது ஒவ்வொரு குரூப்பையும் ஒரு பிரிகாம்ப்பாக, அதாவது உள்ளே அடங்கிய தனிக் காம்பொசிஷனாக, ஆக்குகிறது. பிரிகாம்ப் இயல்பாகவே மூடிய கதவு. உள்ளே இருக்கும் மல்டிப்ளை நிழலுக்கு அடியில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் மல்டிப்ளை, நார்மல் போலவே நடந்துகொள்ளும். கறுப்பு நிழலாக இருந்தால் தப்பித்துக்கொள்வீர்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் மை தெளித்த டெக்ஸ்சராக இருந்தால் வெள்ளைப் பலகையாக வந்து போஸ்டரை மறைக்கும்.

இதற்கு டைம்லைனில் "கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்" என்ற சுவிட்ச் இருக்கிறது, சூரியன் போன்ற சின்னம். அதைப் போட்டால் உள்ளே இருக்கும் மோடுகள் வெளியே உள்ள லேயர்களோடு கலக்கும். ஆனால் அந்தப் பிரிகாம்ப்பின் மேல் எஃபெக்ட், மாஸ்க், லேயர் ஸ்டைல் இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டால் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். பிளர் போட்டதும் நிழல் திடீரென்று மாறியதென்றால் காரணம் அதுதான். எஃபெக்டை உள்ளே இருக்கும் தனி லேயர்களுக்கு மாற்றுங்கள்.

காலி இடத்தின் இந்தக் குணம் எக்ஸ்போர்ட்டிலும் வரும். சிலர் ஸ்கிரீனில் வைத்த கிளோவை மட்டும் தனியாக ஆல்ஃபாவோடு புரோரெஸ் 4444-இல் எடுத்து எடிட்டருக்கு அனுப்புவார்கள். ஸ்கிரீன் என்பது அடியில் இருக்கும் படத்தைப் பார்த்துப் போடும் கணக்கு. அதை ஆல்ஃபாவில் அடைத்து அனுப்ப முடியாது. கறுப்புப் பின்னணியோடு ரெண்டர் செய்து, "ஸ்கிரீனில் வையுங்கள்" என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். மல்டிப்ளைக்கு வெள்ளைப் பின்னணி.

ஃபில் ஸ்லைடர்

போட்டோஷாப்பில் ஒப்பாசிட்டிக்குக் கீழே ஃபில் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மோடுகளுக்கு இரண்டும் ஒன்றுதான். கலர் பர்ன், லீனியர் பர்ன், கலர் டாட்ஜ், லீனியர் டாட்ஜ், விவிட் லைட், லீனியர் லைட், ஹார்ட் மிக்ஸ், டிஃபரன்ஸ் என்ற எட்டுக்கு மட்டும் வேறு விடை வரும். ஃபில் முதலில் லேயரை வலுக்குறைத்துவிட்டுப் பிறகு கணக்குப் போடும்; ஒப்பாசிட்டி கணக்குப் போட்ட பிறகு குறைக்கும். கலர் டாட்ஜில் ஃபிலைக் குறைத்து வரும் மினுமினுப்பு அழகானது. தலைப்பெழுத்துக்கு அதை விரும்பிச் செய்வார்கள். பெரும்பாலான வீடியோ எடிட்டர்களின் டைம்லைனில் அந்த ஸ்லைடர் கிடையாது. அப்படிப்பட்ட லேயரை அனிமேட் செய்யத் தேவையில்லை என்றால் கீழே உள்ளதோடு சேர்த்து மெர்ஜ் செய்துவிடுவதே பாதுகாப்பு.

காலம் என்ற கூடுதல் அடுக்கு

ஸ்டில் படத்தில் ஒரு தடவை சரியாக வந்தால் முடிந்தது. வீடியோவில் கீழே இருக்கும் படம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஓவர்லேயில் வைத்த டெக்ஸ்சர் இருண்ட காட்சியில் அடங்கியிருக்கும், கேமரா வானத்துக்குத் திரும்பியதும் வெடிக்கும். கிளிப்பின் மிக இருண்ட ஃபிரேமிலும் மிக வெளிச்சமான ஃபிரேமிலும் பார்த்த பிறகே மோடை முடிவு செய்யுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோடுக்கு கீஃப்ரேம் போட முடியாது. நடுவில் மோட் மாற வேண்டுமென்றால் லேயரை வெட்டி இரண்டாக்கி வேறு மோட் கொடுக்கலாம். மாற்றம் மெல்ல நடக்க வேண்டுமென்றால் ஒரே லேயரின் இரண்டு பிரதிகளை இரண்டு மோடில் வைத்து ஒப்பாசிட்டியை எதிரெதிராக ஓட்டலாம். டிஸ்ஸால்வ் மோடுக்கு அங்கே டான்ஸிங் டிஸ்ஸால்வ் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஸ்டில் படத் துறையில் அதற்கு வேலையே இல்லை என்பதால் போட்டோஷாப்பில் அது கிடையாது. ஸ்டென்சில், சில்லவுட் என்ற மோடுகளும் அப்படித்தான்: அவை நிறத்தைத் தொடாமல் கீழே உள்ள அத்தனை லேயர்களின் ஆல்ஃபாவை வெட்டும். போட்டோஷாப்பில் கிளிப்பிங் மாஸ்க்கும் லேயர் மாஸ்க்கும் பார்க்கும் வேலையை ஒத்தது.

கோப்பைக் கைமாற்றும்போது

டிசைனரும் எடிட்டரும் வேறு வேறு ஆள் என்றால் சண்டை வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. டிசைனர் பி.எஸ்.டி.-யை ஆர்.ஜி.பி., எஸ்.ஆர்.ஜி.பி. புரொஃபைல், 8 அல்லது 16 பிட் என்று வைத்துக் கொடுக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனருக்காக சி.எம்.ஒய்.கே.-வில் கட்டிய கோப்பை அப்படியே கொடுக்கக் கூடாது. நான்கு மை எண்களில் போட்ட கணக்கு மூன்று ஒளி எண்களில் போடும்போது மாறிவிடும். அதனால்தான் மாற்றும் நேரத்தில் லேயர்களை மெர்ஜ் செய்யலாமா என்று போட்டோஷாப்பே கேட்கிறது. மாற்றிய பிறகு மோடுகளை ஒருமுறை சரிபார்த்து, திருத்தி, பிறகு கொடுங்கள்.

கூடவே, ஒப்புதல் வாங்கிய நிலையில் ஃப்ளாட்டன் செய்த பி.என்.ஜி. ஒன்றையும் கொடுங்கள். எடிட்டர் அதை டைம்லைனின் உச்சியில் வைத்து டிஃபரன்ஸ் மோட் போட வேண்டும். எந்தக் காமாவிலும் ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்யம்தான் வரும். ஆகவே போஸ்டர் சரியாக வந்திருந்தால் திரை முழுக் கறுப்பாகும். அதன் மேல் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் எக்ஸ்போஷரைத் தூக்கினால், எங்கே மாறியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் வெளிச்சமாகும். நிழலின் ஓரம் மட்டும் தெரிந்தால் காமா. முழுப் படமும் மெலிதாகத் தெரிந்தால் புரொஃபைல் அல்லது 16–235 சிக்கல். ஒரு பொருள் அதன் உருவத்தோடு அப்படியே தெரிந்தால் குரூப்.

எடிட்டர் நண்பர்கள் அந்த பி.என்.ஜி.-யைக் கேட்டு வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். டிசைனர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் பி.எஸ்.டி. இருக்கும் ஃபோல்டரிலேயே அதையும் போட்டு அனுப்புங்கள்.